பார்பெகால் நீராலை: மரம் மட்கிய பின் சுண்ணாம்பு சொன்ன கணக்கு

தென் பிரான்சில் ஆர்ல் நகருக்கு வடகிழக்கே ஃபோன்வியெய் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வரும் பயணிகளில் பெரும்பாலோர் ஊரையொட்டிய குன்றில் நிற்கும் காற்றாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கு நோக்கி நடப்பவர்கள் குறைவு. அப்படி நடப்பவர்களுக்கு ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே இரண்டு வரிசையாகக் கல்தூண்கள் தென்படும். சில தூண்களின் மேல் வளைவுகள் இன்னும் இருக்கின்றன. பல இடிந்துவிட்டன. இன்றைய தார்ச்சாலை அந்த வரிசைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.

அவை ரோமர் கட்டிய தொட்டிப்பாலங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர்ப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் வேலையை விளக்க வேண்டியதில்லை: பள்ளத்தின் மேலாகத் தண்ணீரைக் கடத்திக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். அல்பீய் என்ற சுண்ணாம்புக்கல் மலைத்தொடரின் வடக்குச் சரிவிலிருந்து ஒரு கால்வாயும் தெற்குச் சரிவிலிருந்து இன்னொன்றும் இங்கே வந்து சேர்ந்தன. பள்ளத்தைத் தாண்டியதும் ஒன்று மேற்கே திரும்பி ஆர்ல் நகருக்குப் போனது. மற்றொன்று திரும்பவில்லை. நேராகத் தெற்கே ஒரு பாறை முகட்டை நோக்கிச் சென்றது.

தூண்களின் ஓரமாகவே நடைபாதை போகிறது. முடிவில் பாறையைப் பிளந்து வெட்டிய ஒரு இடுக்கு. தண்ணீர் ஓடிய அதே இடுக்கில் இன்று மனிதர்கள் கால் வைத்து நடக்கிறார்கள். அதைத் தாண்டியதும் நிலம் சட்டென்று கீழே இறங்குகிறது. எதிரே சமவெளி விரிகிறது. முன்பு சதுப்பாகக் கிடந்து, பின்னர் வடிக்கப்பட்டு வயலான நிலம் அது. காலடியில், சரிவு நெடுகப் படிப்படியாகக் கல்சுவர்கள். 60 மீட்டர் அளவு நீளம், 20 மீட்டர் அளவு அகலம். பார்பெகால் நீராலை இதுதான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் 16 சக்கரங்கள் இந்த ஒரே சரிவில் சுழன்றன.

இந்த இடத்தை ஓர் ஆய்வுக்குரிய நிகழ்வாக எடுத்துக்கொள்வதற்கு அதன் பிரம்மாண்டம் காரணம் அல்ல. இதே கற்களைப் பார்த்து அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தவறான வரலாற்றைச் சொல்லிவந்தார்கள். அதைத் திருத்துவதில் மறு அகழாய்வோடு, கல்லில் ஒட்டியிருந்த, யாரும் பொருட்படுத்தாத சுண்ணாம்புப் படிவுக்கும் பங்கு உண்டு. அந்தத் திருத்தம் நடந்த விதம்தான் இங்கே நமக்கு வேண்டியது.

தண்ணீர் இறங்கிய விதம்

பாறை இடுக்கைக் கடந்த நீர் ஒரு முக்கோணத் தொட்டியில் விழுந்து இரண்டாகப் பிரிந்தது. கிழக்கே எட்டுச் சக்கரங்கள், மேற்கே எட்டுச் சக்கரங்கள். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஆட்கள் ஏறி இறங்கவும் மூட்டைகளைக் கொண்டுபோகவும் வழி. ஒவ்வொரு சக்கரமும் சுமார் இரண்டு மீட்டர் விட்டம் உடையது. தண்ணீர் சக்கரத்தின் உச்சியில் விழுந்து, அதன் எடையால் சக்கரத்தைச் சுழற்றி, அடியிலிருந்த சிறு தொட்டியில் சேர்ந்தது. அந்தத் தொட்டியிலிருந்து அடுத்த படியிலுள்ள சக்கரத்தின் உச்சிக்குப் போனது. இப்படி ஒரே தண்ணீர் எட்டு முறை வேலை செய்தது. சக்கரத்தின் அச்சு பக்கத்து அறைக்குள் நீண்டு, பற்சக்கரங்கள் வழியாக ஒரு திரிகையைச் சுழற்றியது. நம் வீட்டுத் திரிகையைப் போலவே கீழ்க்கல் அசையாமல் கிடக்கும், மேல்கல் சுற்றும்.

நீராலை என்ற கருவி ரோமர்களுக்குப் புதிதல்ல. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விட்ருவியஸ் என்ற ரோமக் கட்டடக்கலை அறிஞர் பற்சக்கரம் பூட்டிய நீராலை இயங்கும் விதத்தை எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ஒரு சக்கரம், ஒரு திரிகை என்பது வேறு; பதினாறு சக்கரங்களை ஒரே திட்டமாகக் கட்டி, அதற்கென ஒரு கால்வாயையே திருப்பிவிடுவது வேறு. இது ஊர்க்காரர் இருவர் சேர்ந்து முடிவெடுத்துச் செய்கிற காரியம் அல்ல. பெரும் முதலும் நிலத்தின் மீதும் நீரின் மீதும் உரிமையும் அதற்குத் தேவை.

எவ்வளவு மாவு அரைத்தார்கள்? நாளொன்றுக்கு நாலரை டன் என்று ஒரு கணக்கு உண்டு. 25 டன், அதாவது 27,000 பேருக்குப் போதும் என்று இன்னொரு கணக்கு உண்டு. இரண்டுக்கும் இடையே ஐந்து மடங்கு வேறுபாடு. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது, திரிகை எவ்வளவு வேகத்தில் தானியம் வாங்கியது, நாளில் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற அனுமானங்கள் மாறும்போது விடையும் மாறுகிறது. பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு வியப்பதைவிட, இந்த அகலமான இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்வதே நேர்மை என்று நினைக்கிறேன். ஆண்டு முழுவதும் ஆலை ஓடியதா என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. அதற்கு வருவோம்.

பெனுவாவின் தீர்ப்பு

ஃபெர்னான் பெனுவா 1937 முதல் 1939 வரை இங்கே அகழாய்வு செய்தார். கட்டடத்தின் அமைப்பை அவர் சரியாகவே படித்தார்: இது நீராலை, சக்கரங்கள் இரண்டு வரிசை, நீர் மேலிருந்து விழுந்தது. 1940-இல் அவர் வெளியிட்ட ஆய்வே பார்பெகாலை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. இன்றும் அவருடைய வரைபடங்களை ஒதுக்கிவிட்டு யாரும் இந்த இடத்தைப் பற்றி எழுத முடியாது.

காலத்தில்தான் தவறினார். ஆலை ரோமப் பேரரசின் பிற்காலத்தது, நான்காம் நூற்றாண்டை ஒட்டியது என்று முடிவு செய்தார். அந்த முடிவை எல்லாரும் எளிதாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த பெரிய கருத்து ஒன்றுக்கு இது அச்சாகப் பொருந்தியது. பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் பிளாக் 1935-இல் நீராலையின் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நீராலை பண்டைக் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் இடைக்காலத்தில்தான் பரவியது என்பது அவர் வாதம். அடிமைகளின் உழைப்பு மலிவாகக் கிடைத்தவரை இயந்திரத்துக்கு என்ன அவசியம்? திரிகை சுற்ற ஆள் இருக்கிறான். ஆள் இல்லாவிட்டால் கழுதை இருக்கிறது. பேரரசு தளர்ந்து, அடிமைகள் குறைந்த பிறகே தண்ணீரை நாடினார்கள்.

இந்த விளக்கத்துக்குள் பார்பெகாலை வைத்துப் பாருங்கள். நான்காம் நூற்றாண்டு, ஆர்ல் நகரம் கான்ஸ்டன்டைன் பேரரசரின் ஆதரவைப் பெற்றுப் பெருகிய காலம், உழைக்க ஆள் பற்றாக்குறை, எனவே ஒரு பெரும் ஆலை. கச்சிதமான கதை. ஒரு கருத்தும் ஓர் இடமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. பார்பெகாலைச் சான்றாகக் காட்டிக் கருத்தை நிறுவினார்கள். கருத்தைக் காட்டிப் பார்பெகாலின் காலத்தை நம்பினார்கள். இந்த வட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியே வருவது கடினம். பெனுவா கவனமில்லாதவர் அல்ல. கதை நன்றாக இருந்தது, அதுதான் தொல்லை.

1980-களில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஓர்யன் விக்கான்டர் போன்றோர் ரோமர் கால நீராலைகளின் தடயங்களைத் தேடித் தொகுத்து, அவை நினைத்ததைவிட மிகப் பரவலாக இருந்தன என்று காட்டினார்கள். கருத்தின் கால் ஆட்டம் கண்டது. 1990-களில் ஃபிலிப் லெவோ தலைமையில் பார்பெகாலில் மீண்டும் அகழ்ந்தபோது ஆலையின் காலம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் போனது. இரண்டு நூற்றாண்டு முன்னே! பேரரசு தளர்ந்த காலம் அல்ல அது, அதன் உச்சம். அடிமைகள் கிடைக்காத காலமும் அல்ல. ஆள் கிடைத்தபோதே இயந்திரத்தைக் கட்டினார்கள். அடிமை முறை இயந்திரத்தைத் தடுத்தது என்று இனி இந்த இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. எவனோ ஒரு முதலாளி தனக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார்த்துக் கட்டினான் என்று தொடங்கலாம். ஆனால் என்ன கணக்கு? யாருக்காக அரைத்தான்? கற்கள் அதைச் சொல்லவில்லை.

142 துண்டுகள்

சக்கரம், நீர் ஓடிய மரவாய்க்கால், பற்சக்கரம் எல்லாம் மரம். ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது அவற்றின் மேல் படிந்த சுண்ணாம்பு.

உப்புத் தண்ணீர் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளைப் படலம் கட்டும். ஹீட்டர் கம்பியில் பொருக்கு ஏறும். குழாய் வாயில் கல்லாக உறையும். அல்பீய் மலையின் சுண்ணாம்புப் பாறைகளில் ஊறி வந்த நீரும் அப்படித்தான். கால்வாயில் அமைதியாக ஓடும்போதே சிறிது படியும். சக்கரத்தில் அடித்துச் சிதறும்போது நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி, சுண்ணாம்பு இன்னும் எளிதாகப் படியும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மரத்தின் மேல் ஒரு கல்தோல் வளர்ந்தது. ஆலை நின்று மரம் மட்கிப்போன பிறகும் தோல் மட்டும் கிடந்தது, நண்டு போன பின் கிடக்கும் ஓடு போல.

அகழாய்வில் கிடைத்த 142 துண்டுகளை ஆர்ல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். உடைந்த பானை ஓட்டுக்குக்கூட ஓர் அழகு உண்டு. இவற்றுக்கு அதுவும் இல்லை. பல ஆண்டுகள் அவை பெட்டிகளில் இருந்தன. அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த அந்த முடிவுக்காகவே அருங்காட்சியகப் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். குல் சுர்மெலிஹிந்தியும் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேஸ் பாஸ்ஷியரும் லெவோவுடன் மற்றவர்களுடனும் சேர்ந்து இந்தத் துண்டுகளைப் படித்து, 2018-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முகங்கள். மரத்தை ஒட்டியிருந்த முகத்தில் மரத்தின் ரேகைகள் அச்சாகப் பதிந்திருந்தன. அதைக் கொண்டு அது எந்த வகைப் பலகையின் மேல் வளர்ந்தது, அந்தப் பலகை எப்படி வளைந்திருந்தது என்று கண்டார்கள். நடுவே அறுத்துப் பார்த்தால் அடுக்கடுக்காகக் கோடுகள். மரத்தின் ஆண்டு வளையம் போலக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் படிவு மாறும். அந்த அடுக்குகளில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்களின் வகைகளை அளந்தால் நீரின் வெப்பநிலை ஏறி இறங்கியது தெரியும். ஓர் ஆண்டில் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். அடுத்த ஆண்டில் மீண்டும் அதே.

காணாமல் போன மாதங்கள்

அந்த ஏற்ற இறக்கத்தில்தான் ஓட்டை இருந்தது. ஆண்டுதோறும் கோடையின் கடைசியையும் இலையுதிர் காலத்தையும் ஒட்டிய பகுதி படிவில் இல்லை. நீர் ஓடினால் சுண்ணாம்பு படியும். படியவில்லை என்றால் நீர் ஓடவில்லை. ஒரு முறை நின்றிருந்தால் பழுது பார்த்தார்கள் என்று விட்டுவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில், மாதக்கணக்கில் நின்றிருக்கிறது.

ஆர்ல் நகரத்து மக்களின் அன்றாட ரொட்டிக்கு மாவு அரைத்த ஆலை இப்படி நிற்குமா? நகரத்துக்குப் பசி ஆண்டு முழுவதும் உண்டு. மாவோ அதிக நாள் தாங்காது. ஈரமும் வண்டும் விடாது. ஆகவே அன்றாடத் தேவைக்கு அரைக்கும் ஆலை அறுவடை முடிந்து புதுத் தானியம் வந்து குவிந்திருக்கும் மாதங்களில் சும்மா இருந்தது என்பது பொருந்தவில்லை.

ஆய்வாளர்கள் சொல்லும் விடை கப்பல். மத்தியதரைக் கடலில் ரோமர்கள் குளிர்காலத்தில் பெரும்பாலும் கப்பல் விடமாட்டார்கள்; நவம்பர் முதல் மார்ச் வரை கடல் மூடியது என்றே சொல்வார்கள். ஆர்ல் ரோன் ஆற்றின் துறைமுகம். ஆற்றின் கழிமுகத்தருகே ஃபோஸ் என்ற கடல் துறைமுகமும் இருந்தது. நெடும்பயணம் போகும் மாலுமிகளுக்கு இருமுறை சுட்டு, நீர் வற்ற உலர்த்திய கெட்டியான ரொட்டி வேண்டும். மாதக்கணக்கில் கெடாது. கப்பல்கள் புறப்படும் வசந்தத்துக்கு முன்பும் பயணப் பருவத்திலும் அதற்குத் தேவை அதிகம். பருவம் முடியும் நேரத்தில் தேவை விழுந்துவிடும். அப்போது ஆலையை நிறுத்தலாம்.

இந்த விடை என்னை ஈர்க்கிறது. ஆனால் இரண்டு படிகளைப் பிரித்தே வைக்க வேண்டும். ஆலை ஆண்டுதோறும் நின்றது என்பது படிவிலிருந்து நேரடியாகக் கிடைத்த செய்தி. கப்பல் ரொட்டி என்பது அதற்குப் பொருந்தும் விளக்கம். அங்கே ஒரு ரொட்டித் துண்டோ, வரவு செலவுக் கல்வெட்டோ கிடைக்கவில்லை. கோடைக் கடைசியில் ஊற்று நீர் குறைவதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாமே என்று கேட்பவரை வாயடைக்க முடியாது. ‘நான்காம் நூற்றாண்டு’ என்ற கதை எத்தனை கச்சிதமாக இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள், கப்பல் ரொட்டிக் கதையையும் அதே எச்சரிக்கையோடு கையில் எடுப்பார்கள். ஆய்வாளர்களே ‘அநேகமாக’ என்ற சொல்லோடுதான் அதைச் சொன்னார்கள். செய்தித் தலைப்புகளில் அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது.

தச்சர்கள்

எனக்கு மிகவும் நெருக்கமாக இருப்பது இதற்கு அடுத்து வந்த இரண்டு ஆய்வுகள். கட்டியவனை விட்டு, ஆலையை ஓடவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் அவை போகின்றன.

துண்டுகளில் சில முழங்கை போல வளைந்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது, ஒரு தொட்டியிலிருந்து அடுத்த சக்கரத்துக்கு நீரைக் கொண்டுபோன மரவாய்க்காலும் அப்படியே வளைந்திருந்தது என்று தெரிந்தது. 2020-இல் இதை வெளியிட்டார்கள். வேறு எந்த நீராலையிலும் இப்படி ஒரு வடிவம் காணப்படவில்லை. காரணம் இடம்தான். சரிவில் எட்டுச் சக்கரங்களை அடுத்தடுத்து வைக்கும்போது இடையிலுள்ள தொட்டிகள் குறுகிவிடுகின்றன. நேரான வாய்க்காலை நீட்ட இடமில்லை. அந்தக் குறுகிய இடத்துக்குள் நீர் சரியான வேகத்தில், சக்கரத்தின் சரியான இடத்தில் விழ வேண்டும். முழங்கை வளைவு அதற்கான தீர்வு. இதைச் செய்தவர்கள் சூத்திரம் எழுதிக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். நீரை ஓடவிட்டுப் பார்த்து, இழைத்து, மீண்டும் ஓடவிட்டுப் பார்த்துக் கண்டிருப்பார்கள். கிணற்றுக் கமலையின் சாய்வை வெட்டியவர்களுக்கு இருந்த அறிவு இது.

2024-இல் வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. வெவ்வேறு துண்டுகளின் அடுக்குகளை ஒப்பிட்டு, குறைந்தது மூன்று சக்கரங்களின் பகுதிகளை அடையாளம் கண்டார்கள். கடைசியாகப் பொருத்திய மரப் பாகங்கள் ஆலை கைவிடப்படுவதற்கு முன் எட்டு ஆண்டுகளேனும் உழைத்திருக்கின்றன. ஒரு நூற்றாண்டு அளவு ஓடிய ஆலையில் எட்டு ஆண்டு என்றால், அதற்கு முன் எத்தனை முறை பலகைகளைக் கழற்றி மாற்றியிருப்பார்கள்! நீரும் வெயிலும் மாறி மாறித் தின்னும் மரம் அது. ஒரு மரவாய்க்காலின் படிவில் இன்னொரு செய்தியும் இருந்தது: முதலில் படிந்த அடுக்குகள் செங்குத்தான சாய்வையும், பிறகு படிந்தவை குறைந்த சாய்வையும் காட்டின. நடுவே யாரோ வாய்க்காலைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். கீழே இருந்த சிறிய சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெரிய சக்கரம் பூட்டியதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் நீரை அடைத்து, பழைய சக்கரத்தை இறக்கி, புதியதை ஏற்றி, அதற்கேற்ப வாய்க்காலைத் தூக்கி ஆப்பு அடித்த வேலை. 1,900 ஆண்டுகளுக்குப் பிறகு அது கைநீளக் கல்லில் ஒரு கோண மாற்றமாகத் தெரிகிறது. பேரரசர்களின் சிலைகள் தராத ஒன்றை இது தருகிறது.

ஆர்ல் நகரில் கிடைத்த கல்சவப்பெட்டி ஒன்றில் குவின்டஸ் கான்டிடியஸ் பெனிக்னஸ் என்பவரின் புகழ்மொழி வெட்டப்பட்டிருக்கிறது. நகரத்துத் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தவர் அவர். பெரிய கைவினைஞர்களே அவரை ஆசான் என்று அழைத்தார்கள். நீரால் இயங்கும் கருவிகளைச் செய்யவும் நீரின் போக்கை நடத்திச் செல்லவும் அறிந்தவர் என்று மகளும் மனைவியும் அந்தக் கல்லில் சொல்லியிருக்கிறார்கள். பார்பெகாலைக் கட்டியவர் இவராக இருக்கலாம் என்று ஊகித்தவர்கள் உண்டு. அதை நிறுவும் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த முழங்கை வாய்க்காலை இழைத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள், அவர்கள் வேலையை ஊர் எப்படி மதித்தது என்று கேட்டால், பதிலாக இந்தக் கல்லைக் காட்டலாம்.

நடப்பவர்களுக்கு

தூண்களிலும் சுவர்களிலும் இன்றும் படிவு ஒட்டியிருக்கிறது. பார்க்கும்போது வெறும் வெளிறிய காறை போலத்தான் இருக்கும். விரலால் பெயர்த்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நகம் அளவுத் துண்டிலும் சில ஆண்டுகளின் நீர்க் கணக்கு இருக்கிறது. இடிந்த சுவர்களின் மேல் ஏறாமல் நடு வழியாகவே கீழே இறங்கினால், சரிவின் செங்குத்து உடம்புக்குத் தெரியும். மூட்டை சுமந்தவனின் முழங்கால் எப்படி இருந்திருக்கும் என்பதும் தெரியும்.

அதன் பிறகு ஆர்ல் அருங்காட்சியகத்துக்குப் போவது நல்லது. முதலில் அங்கே போய்விட்டு வந்தால் சரிவைப் பார்க்கும்போது மனம் அங்குள்ள மாதிரி வடிவத்தைத்தான் பார்க்கும். அந்த மாதிரியில் பதினாறு சக்கரங்களும் கூரைகளும் முழுதாக இருக்கின்றன.

ஆலை நின்ற பிறகு மரச்சாமான்களைப் பிரித்தெடுத்துக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பு ஏறிய நீண்ட பலகைப் படிவு ஒன்றை மட்டும் யாரோ தூக்கிவந்து ஒரு நீர்த்தொட்டியில் தடுப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். தொட்டியில் அப்போதும் தண்ணீர் ஓடியது. அதன் மேலும் சுண்ணாம்பு படிந்தது.